வெள்ளத்தாயி கட்டின கோடி

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரக் கெழவி இருந்தா. பேரு வெள்ளத்தாயி. அவ ஒரு கத்து கத்துனா, கூரையில உக்காந்திருக்குற காக்கா படபடன்னு பறந்துடும். ம் கொட்டு. கண்ணை மூடிக்கிட்டே கொட்டலாம்.

"ம்."

அவளுக்குக் கூடப் பொறந்தவன் ஒரே ஒரு தம்பி, குருவையா. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தான். காதுகுத்துன்னா வருவான், கருமாதின்னா வருவான். சும்மா மட்டும் வரமாட்டான். அந்தக் கோவம் வெள்ளத்தாயி வயித்துல அணையாத அடுப்பாட்டம் எரிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு.

அப்புறம் ஒரு மழைக்காலம், அவளுக்கு இழுப்பு வந்துடுச்சு. கர்ர்... புர்ர்னு மூச்சு. படுக்கையில விழுந்துட்டா. சேதி கேட்டு குருவையா மஞ்சப்பையோட ஓடி வந்தான். அவளுக்கு உள்ளுக்குள்ள குளுந்துச்சு. வெளிய காட்டுவாளா?

"பையில என்னலே, காராச்சேவா?"ன்னு பறிச்சா. உள்ள மொடமொடன்னு ஒரு புதுச்சேலை!

அவங்க பக்கத்துல ஒரு வழக்கம், கண்ணு. பொம்பளை செத்துட்டா, கூடப் பொறந்தவன் புதுச்சேலை கொண்டாந்து அவ மேல போத்தணும். அதுக்குப் பேரு கோடி. இந்தக் குருவையா அதை முந்தியே வாங்கிட்டு வந்துட்டான்!

"உசுரோட இருக்கும்போதேவா?"

ஆமா, உசுரோட இருக்கும்போதே! வெள்ளத்தாயி விசுக்குன்னு எந்திரிச்சு உக்காந்துட்டா.

"அடப்பாவி! எழவுக்கா வந்திருக்கே? நான் இன்னும் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கேன்லே!"

"இல்லக்கா... அந்நேரத்துல கடைகடையா அலைய முடியாதேன்னு..."

"கலரைப் பாரு, கழனித்தண்ணி கலரு! இதைப் போத்திக்கிட்டு நாலு சனத்துக்கு முன்னாடி எப்படிலே படுத்திருப்பேன்? போ, மாத்திட்டு வா!"

வீசுனா பாரு, பொத்துன்னு தெருவுல போய் விழுந்துச்சு. அப்போ அவன் சேலையைப் பொறுக்கிக்கிட்டு நடந்தான். "சோறு யாரு திம்பா? தின்னுட்டுத் தொலை!"ன்னு அதுக்கும் ஒரு சத்தம்.

அப்புறம் மறுவாரம் வந்தான். கிளிப்பச்சைச் சேலை.

"நான் என்ன கிளியாலே? கொய்யாமரத்துலயா கொண்டுபோய் வைக்கப் போறீக?"

பொத்து! அதுவும் தெருவுல. அன்னைக்கும் தின்னுட்டுத்தான் போனான்.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் மூணாவது தடவை வந்தான். நல்ல அரக்குக் கலர்ல, மஞ்சக்கரை போட்ட சேலை. வெள்ளத்தாயி பிரிச்சுப் பாத்தா, திருப்பிப் பாத்தா, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. குத்தம் சொல்ல ஒண்ணுமே இல்ல. அதுலதான் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இது சரியா இருக்குன்னு சொல்லிட்டா, இனிமே அவன் எதுக்கு வருவான்?

"இது... இது முந்தி நீளம் பத்தாது!"

குருவையாவுக்கும் பொறுமை போச்சு. "செத்துப் போறவளுக்கு முந்தி எதுக்கு? என்னதான்க்கா வேணும் உனக்கு?"

"நான் செத்தா சேலையோட ஓடி வருவே. உசுரோட இருக்கையில வெறுங்கையோடகூட வரலையேலே நீயி!"

அவ்வளவுதான். குருவையா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்.

"என்ன நிக்கே? கையைக் கழுவு!"ன்னுட்டு, வெள்ளத்தாயி உள்ள போய் அந்தக் கோடியையே கட்டிக்கிட்டு வந்துட்டா! சரசரன்னு நடந்து வந்து, தம்பிக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டா. மீன்கொழம்பு சொட்டுன்னு முந்தியில விழுந்துச்சு.

"ஐயையோ, கறைக்கா!"

"கெடக்கட்டும். நான் தின்ன கொழம்பு, என் சேலை."

அப்புறம் சுவரைப் புடிச்சுப் புடிச்சு பஸ் நிக்குற எடம் வரைக்கும் வந்தா. பஸ்ஸு சர்ர்ர்னு கெளம்புச்சு. "வெள்ளிக்கெழமை வாலே! ஒண்ணும் தூக்கிட்டு வராதே! வெறுங்கையோட வா!" பஸ்ஸு திரும்புற வரைக்கும் கத்திக்கிட்டே நின்னா. குருவையா சன்னல் வழியா கழுத்தை நீட்டி அந்த அரக்குச் சேலையையே பாத்துக்கிட்டுப் போனான்.

வெள்ளிக்கெழமை வந்துச்சு. குருவையாவும் வந்தான், சொன்னபடி வெறுங்கையோட. ஆனா வெள்ளத்தாயி விடியும்போதே கண்ணை மூடிட்டா. அதே சேலைதான் கட்டியிருந்தா.

வந்திருந்த பொம்பளைங்க மூக்கு மேல வெரலை வெச்சாங்க. "தம்பி கோடி எங்க? கையை வீசிக்கிட்டு வந்திருக்கான் பாரு!"

"கட்டிக்கிட்டுப் படுத்திருக்காளே, கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு? அந்தக் கொழம்புக் கறையைப் பாருங்க!"ன்னு குருவையா போட்டான் ஒரு சத்தம், அப்படியே அக்கா மாதிரி.

கூரையில இருந்த காக்கா படபடன்னு பறந்துச்சு.

"..."

கதை அம்புட்டுதான். காக்காவும் கூட்டுக்குப் போயிடுச்சு, நீயும் தூங்கு.