நரி உரிமை கேட்ட மணல்திட்டு

கரடிமலையில் பிறந்த சின்ன ஓடை ஒன்று மூங்கில் தோப்பருகே வளைந்து ஓடியது. வளைவின் வெளிப்பக்கம் உயரமான மண்கரை. அங்கே நரி குடியிருந்தது. உள்பக்கம் தாழ்வான மணல்திட்டு. அதில் ஆமை முட்டையிட்டுப் புதைத்திருந்தது.

ஒவ்வொரு மழைக்கும் வெள்ளம் வேகமாக மோதி நரியின் கரையை அரித்தது. எதிர்ப்பக்கம் மெதுவாக ஓடி மணலைச் சேர்த்தது. வளைகிற ஓடையெல்லாம் செய்கிற வேலைதான். ஆனாலும் நரிக்கு வயிறு எரிந்தது. ஆமை முட்டைமேல் ஆசை வேறு!

"என் மண்ணை வைத்து உன் இடத்தைப் பெருக்கிக்கொண்டாயா? திட்டைக் காலி செய்!" என்றது நரி.

"ஓடை செய்ததற்கு நான் என்ன செய்வேன்? முட்டை இன்னும் பொரிக்கவில்லையே!" என்று ஆமை அழுதது.

"முட்டைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்று நரி சப்புக்கொட்டியது.

வழக்கு காட்டெருமையிடம் போனது. நாட்டாமையாக இருக்க அதற்கிருந்த தகுதி, கொம்பு மட்டுமே. அசைபோட்டபடி, "சாட்சி உண்டா?" என்று கேட்டது.

நரி தன் கரையிலிருந்து ஒரு வெள்ளைக் கூழாங்கல்லையும், திட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்து வந்தது. "பாருங்கள் ஐயா! இரண்டும் ஒரே கல். என் மண்தான் அங்கே கிடக்கிறது!"

"மண் எங்கே போனாலும் பழைய சொந்தக்காரருக்கே சொந்தம்!" என்று தீர்ப்பளித்தது காட்டெருமை. கொம்பைப் பார்த்து, வழக்கு கேட்க வந்த விலங்குக் கூட்டமும் தலையாட்டியது.

ஆமை முன்னால் ஊர்ந்து வந்தது. "நரியாரே, கரைக்குள் புதைந்து கிடந்த கல் எப்படி இவ்வளவு வழுவழுப்பாக உருண்டையானது?"

அறிவைக் காட்ட வாய்ப்பு கிடைத்தால் நரி விடுமா?

"இதுகூடத் தெரியாதா, மரமண்டையே! ஓடையில் உருண்டுதான்! என் கரையே அந்தக் காலத்தில் ஓடை கொண்டுவந்து குவித்ததுதான். எல்லாம் கரடிமலை மண்!"

கூட்டத்தின் பின்னால் படுத்திருந்த கரடி எழுந்தது. "அப்படியா? மலை என்னுடையது. அப்போ உன் கரையும் என்னுடையதுதானே?"

நரி இரண்டடி பின்வாங்கியது. "அது... அது பழைய கதை! அதையெல்லாம் இப்போது கிளறலாமா?"

"இப்போதுதானே தீர்ப்புச் சொன்னேன்!" என்று காட்டெருமை முறைத்தது. "கரடியே, கரையும் உனக்கு, திட்டும் உனக்கு!"

"வெறும் மணலில் எனக்கு என்ன கிடைக்கும்? அது ஆமையிடமே இருக்கட்டும். கரையில்தான் கரையான் புற்று இருக்கிறது!" என்ற கரடி, நேரே போய் நரியின் வளையோடு சேர்த்துக் கரையைத் தோண்டிப் போட்டது. அன்றே நரி வீடில்லாமல் தெருவுக்கு வந்தது.

அடுத்தவர் இடத்தைப் பறிக்க நியாயம் பேசுகிறவர், அதே நியாயம் தம் வாசலுக்கும் வரும் என்பதை மறக்கக் கூடாது.