ஒரு ஃபைலுக்குத் தாய் தேடிய கதை

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை முழுக்க உதிர்ந்து விழட்டும்.

வெள்ளப்புங்கனூர் பால் சங்கத்து லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு ஃபைல் ஊதிப் பெருத்து இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. பால் ரசீது அச்சாகவில்லை. சாயங்காலப் பால் வருவதற்குள் சரியாகாவிட்டால் மேற்பார்வையாளர் சடையப்பனுக்கு வேலை போய்விடும்.

கோவையிலிருந்து எஞ்சினியர் போனில் சொன்னார்: “ஒவ்வொரு ஃபைலும் ஏதோ ஒரு மென்பொருள் பேக்கேஜோடதான் வந்திருக்கும். இது எந்தப் பேக்கேஜோடதுன்னு கண்டுபிடிங்க. ஃபைலை மட்டும் தொட்டுடாதீங்க. மிஷினை ஒரு வரியில கேட்டா அதுவே சொல்லிடும்.”

சடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் கைகட்டி நின்று, ஒரே வரியில் கேட்டான்: “ஏனுங்க, இந்த ஃபைலு ஆரோடதுங்க?”

மிஷின் உர்ரென்றது.

“கோவமா இருக்குதுங்கண்ணா,” என்றான் எழுத்தர் நாச்சிமுத்து.

பால் அளக்கும் ராக்கியண்ணன் தாடையைச் சொறிந்தான். “மந்தையில ஒரு கன்னுக்குட்டி நிக்குது. தாய் எதுன்னு தெரியல. என்ன பண்ணுவீங்க? ஒவ்வொரு மாடா வெளிய ஓட்டோணும். எது போறப்ப கன்னும் பின்னாலயே போகுதோ, அதுதான் தாய்.”

“அடேங்கப்பா! ஃபைலைத் தொடவே வேண்டியதில்ல!” சடையப்பனுக்குப் புல்லரித்தது.

மிஷினிலிருந்து பேக்கேஜ்களை ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டினார்கள். அச்சடிக்கும் பேக்கேஜ் போனது, ஃபைல் அசையவில்லை. கடிகாரம் போனது, அசையவில்லை. அடுத்தது பாலில் கொழுப்பு பார்க்கும் பேக்கேஜ்.

“அண்ணா, அது நமக்குச் சோறு போடறதாச்சே?” என்றான் நாச்சிமுத்து.

“சோறு போட்டா இந்த ஃபைலுக்குத் தாயாயிருமாடா? ஓட்டு.”

கடைசியாக ஒரு பேக்கேஜில் கை வைத்ததும் மிஷினே பதறிவிட்டது. ‘ஆமாம், நான் சொல்வதைச் செய்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் நீக்குவேன் என்று அடம்பிடித்தது.

“பெத்தவளாச்சே, பிரிய மனசு வரல,” என்று ராக்கியண்ணன் மூக்கை உறிஞ்சினான்.

எழுதிக் கொடுத்தார்கள். ஃபைல்களைத் திரையில் காட்டும் கட்டளையே அந்தப் பேக்கேஜுக்குள்தான் இருந்தது என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? நாச்சிமுத்து வழக்கம்போல அந்தக் கட்டளையைத் தட்டிப் பார்த்தான். ஃபைலைக் காணோம்!

வாசலில் பால்கேன்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்க, சடையப்பன் போனில் கூவினான்: “தாயைக் கண்டுபுடிச்சுட்டோமுங்க! அது போச்சு, ஃபைலும் கூடவே போயிருச்சுங்க!”

“மத்த ஃபைலெல்லாம் இருக்குதா?” என்றார் எஞ்சினியர்.

“அதுகளும் போயிருச்சுங்க. எல்லாம் ஒரே வயித்துப் புள்ளைங்க போலிருக்குதுங்க!”

எதிர்முனையில் போன் தடாலென்று கீழே விழுந்தது.

“சந்தோசத்துல அவருக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சுடா,” என்றான் சடையப்பன் பெருமையாக. “பாரு, எனக்குச் சம்பளமே கூட்டப் போறாங்க.”

இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள், சாமி. எங்கள் வீட்டுக்குப் பால் அந்தச் சங்கத்திலிருந்துதான் வருகிறது.