எட்டுச் சாண் போர்வை

கொடைக்கானலுக்கு மேலே ஒரு மலையூரில் சவரியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். ஐம்பத்துநாலு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தனியாகப் படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நூலகத்தில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பூவிழி டீச்சருக்கு அவளுடைய மகள் வயதுகூட இல்லை.

அன்றைய கணக்கு இதுதான்: ஒரு சதுரத்தின் மூலையில் சின்னச் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்துவிட்டால், மிச்சப் பரப்புக்குச் சமமான செவ்வகம் ஒன்றின் பக்கங்கள் என்ன? காரணிப்படுத்தினால் ஒரு பக்கம் இரண்டு சதுரங்களின் பக்க அளவுகளின் கூட்டல், மறுபக்கம் கழித்தல் என்றார் டீச்சர்.

சவரியம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"போனது போனதுதானே டீச்சர். கழிச்சா குறையும். கூட்டல் எங்கேருந்து வந்துச்சு?"

தனக்கு இது ஏறாது, நாளையிலிருந்து வரப்போவதில்லை என்றும் சொன்னாள்.

டீச்சர் அவள் போர்த்தியிருந்த கம்பளியைப் பார்த்தார். அது அவள் புருஷன் அருளப்பனுடையது. போன குளிருக்கு அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது கணப்பிலிருந்து நெருப்பு தெறித்து ஒரு மூலை எரிந்துபோனது. ஒரு மாதத்தில் அவரும் போய்விட்டார். கரிந்த மூலையைச் சதுரமாக வெட்டி எடுத்தவள், அதற்குமேல் யாரையும் அதில் கைவைக்க விடவில்லை. வெட்டுப்பட்ட அந்த மூலை வழியாகத்தான் தினமும் குளிர் ஏறியது.

டீச்சர் அதைத் தரையில் விரித்து அளக்கச் சொன்னார். பக்கத்துக்கு எட்டுச் சாண். எரிந்த மூலை இரண்டு சாண்.

"மூலையை ஒட்டி நீட்டிக்கிட்டிருக்கிற இந்த ரெண்டு சாண் பட்டையை வெட்டி, திருப்பி, ஆறு சாண் இருக்கிற அந்தப் பக்கம் வச்சுத் தைக்கணும். வேண்டாம்னா விட்டுடலாம்மா."

சவரியம்மாள் வெகுநேரம் கம்பளியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு டீச்சர் நூலக மேசையிலிருந்து எடுத்துவந்த கத்தரிக்கோலையும் ஊசி நூலையும் தானே வாங்கிக்கொண்டாள்.

டீச்சர் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் தைத்து முடித்தாள். பத்துச் சாண் நீளம், ஆறு சாண் அகலம். எந்த மூலையும் குறையவில்லை. டீச்சரே அதை எடுத்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

கதகதப்பு ஏறியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ அந்த எரிஞ்ச துண்டு இதுல எங்கேயுமே இல்லையா டீச்சர்?"

டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீளம், எட்டும் ரெண்டும். அகலம், எட்டுல ரெண்டு போக. அந்த ரெண்டைச் சொல்லாம இதோட எந்தப் பக்கத்தையும் சொல்ல முடியாதும்மா."