ஏழு அடுப்பும் ஒரு கோவணமும்

முன்னொரு காலத்தில் மருதங்குடி நாட்டைக் கீர்த்திவளவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஒரு பேச்சு காதுக்கு இனிமையாக விழுந்துவிட்டால் போதும், அதை உடனே சட்டமாக்கி முத்திரை குத்திவிடுவான். அதனால் ஜனங்கள் ராஜாவைவிட, அவன் பக்கத்தில் நின்று அழகாகப் பேசுகிறவர்களுக்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

அந்தப் பேச்சுக்காரர்களில் முதல் ஆள் விறகு அதிகாரி ஆதிமூலம். அரசாங்கக் காட்டில் யாரும் விறகு எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எரியும் ஓர் அடுப்புக்கு மாதம் ஒரு பணம் கட்டவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய் அடுப்பை எண்ணுவது ஆதிமூலத்தின் வேலை. முழங்கால் வலி, வெயில் ஆகாது என்று சொல்லிப் பன்னிரண்டு வருஷம் அவர் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

ஒருநாள் திடீரென்று கடமை உறைத்துக் கிளம்பினார். முதலில் நுழைந்தது செக்காட்டும் தையல்நாயகி வீட்டில். புருஷன் இல்லாதவள், ஒரே மகள். அன்றைக்கு அந்த மகளுக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சாதத்துக்காகக் கொல்லையில் கல் கூட்டி ஏழு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆதிமூலம் அடுப்புகளை எண்ணினார். பிறகு இலை போட்டு உட்கார்ந்து ஏழு சாதத்தையும் ருசி பார்த்தார். கையைக் கழுவி, ஓலையை எடுத்து எழுதினார்: 'மறைத்த அடுப்பு ஆறு. பன்னிரண்டு வருஷத்துப் பாக்கி, எண்ணூற்று அறுபத்து நான்கு பணம். கட்டாவிட்டால் வீடு பூட்டப்படும்.'

தையல்நாயகி கணக்குப் போட்டுப் பார்த்தாள். செக்கோடு சேர்த்து வீட்டை விற்றாலும் அவ்வளவு தேறாது. மகளுக்கோ ஒன்பதாம் மாதம். வீட்டைப் பூட்டினால் பிள்ளை பெற எங்கே கூட்டிப்போவாள்? அழுது தீர்க்கவும் நேரமில்லை. ஓலையை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராஜா, எங்க வீட்டுல ஒரே அடுப்புதான். அன்னிக்கு வளைகாப்பு."

"அடுப்பு ஏழு. என் கண்ணால் கண்டேன்" என்றார் ஆதிமூலம்.

"கண்டீங்க ஐயா, சாப்பிடவும் செஞ்சீங்க. பன்னெண்டு வருஷமா தினமும் ஏழு அடுப்புன்னா, தினமும் வளைகாப்புன்னு ஆகுது. அப்போ என் மக பன்னெண்டு வருஷமா மாசமா இருக்காளா?"

சபை சிரித்தது. ஆதிமூலத்துக்கு முகம் சுண்டிவிட்டது. உடனே தொண்டையைச் செருமினார்.

"மன்னா, மற்ற நாளில் ஓர் அடுப்புதான் எரிந்தது என்பதற்கு யார் சாட்சி? அதிகாரி கண்டதே அளவு. கண்ட நாளின் அளவே காணாத நாளுக்கும் அளவு."

"ஆகா, என்ன அழகான வாக்கியம்" என்றான் ராஜா. "இன்றுமுதல் இதுவே சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைப் பூட்டுங்கள்."

தையல்நாயகி ஓர் அடி முன்னால் வந்தாள். பிறகு கேட்டாள்: "இந்தச் சட்டம் எல்லாருக்கும் பொதுதானே, மகாராஜா?"

"எனக்கும் சேர்த்துத்தான்."

"அப்போ ஒரே ஒரு வேண்டுதல். நம்ம ராஜா பன்னெண்டு வருஷமா எப்படி இருந்தார்னு ஊருக்குத் தெரிய வேணாமா? நாளைக்குக் காலையில பொழுது ஏறினதும், சபை எழுத்தர் உங்களைத் தேடி வந்து, கண்டதைக் கண்டபடி எழுதட்டும்."

ராஜாவுக்குப் புல்லரித்தது. "எழுதட்டும். ஒன்றையும் விடவேண்டாம்" என்று முத்திரையிட்டான். மறுநாள் என்ன கிழமை என்று ராஜாக்களுக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது? தையல்நாயகிக்கு இருந்தது. வாரம் தவறாமல் அரண்மனைக்கு நல்லெண்ணெய் ஆட்டி அனுப்புகிறவள் அவள்தானே.

சனிக்கிழமை பிற்பகல் சபை கூடியது. எழுத்தர் ஓலையைப் பிரித்தார். ராஜாவைப் பார்க்காமல் படித்தார்.

"தலையில் மணிமுடி இல்லை. இடையில் வாள் இல்லை. உடம்பில் ஒரு கோவணம் மட்டும். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய். முக்காலியில் உட்காரவைத்து இரண்டு தடியர்கள் முதுகில் பளார் பளாரென்று அறைகிறார்கள். 'கண்ணில் சீயக்காய் போய்விட்டது, எரிகிறதே, விடுங்களடா' என்று அலறல்."

தையல்நாயகி கைகூப்பினாள்.

"சட்டப்படி, நம்ம ராஜா பன்னெண்டு வருஷமா கோவணத்தோட அடி வாங்கிட்டிருந்தார்னு ஆகுது."

ராஜாவின் மீசை துடித்தது. ராஜா வாய் திறப்பதற்குள் தன் விசுவாசத்தைக் காட்ட ஆதிமூலம் முந்திக்கொண்டு பாய்ந்தார்.

"என்ன திமிர் உனக்கு. அது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஒருநாள் கண்டதை வைத்து எல்லா நாளும் அப்படித்தான் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?"

"ஐயா," என்றாள் தையல்நாயகி, "நேத்திலிருந்து நானும் அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

ராஜா ஆதிமூலத்தைப் பார்த்தான், எழுத்தரைப் பார்த்தான், கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாக்கி ஓலையைத் தன் கையாலேயே கிழித்தான். சட்டத்தையும் கிழித்தான். கோவண ஓலையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் மடியில் சொருகிக்கொண்டான்.

"தாயே, என்ன வெகுமதி வேண்டும், கேள்."

"பிள்ளை பிறந்தா பெத்தவளுக்கு நாப்பது நாள் வெந்நீர் வைக்கணும், மகாராஜா. விறகு சுமக்க ஆளில்லை."

ராஜா ஆதிமூலத்தைத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த மாதம் அந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. தினமும் காலையில் ஆதிமூலம் தலையில் விறகோடு வந்து, புகையில் கண்ணீர் வடிய அடுப்பை ஊதினார். முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒருநாள் அந்த வழியாகப் போன எழுத்தர் வேலிக்கு வெளியே நின்று கேட்டார்: "என்ன ஐயா, இந்த வீட்டில் எத்தனை அடுப்பு?"

ஆதிமூலம் எழுந்து சமையற்கட்டை எட்டிப் பார்த்தார். கொல்லையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்றைக்கு ஒன்று" என்றார். "நாளைக்கு எத்தனை என்று நாளைக்கு வந்து பார்த்துத்தான் சொல்லமுடியும்."