புகாரில் போன விண்ணப்பம்

கொற்றவூர் மன்னன் பெரியகண்டனுக்குத் திடீரென்று கணினி மோகம் பிடித்தது. அரண்மனைக்கு மென்பொருள் எழுத ஆள் வேண்டும் என்று பறையடிக்கச் சொன்னான். படித்துவிட்டு வேலையின்றி இருந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் விண்ணப்பித்தார்கள்.

விண்ணப்பங்களை மனிதர் யாரும் படிக்கவில்லை. அமைச்சர் மார்த்தாண்டர் அதற்கென ஓர் இயந்திரம் வாங்கி வைத்திருந்தார். அதற்குப் பிடித்த சொற்கள் இருந்தால் உள்ளே விடும். இல்லாவிட்டால் 'வருந்துகிறோம்' என்று பதில் அனுப்பும். அது வருந்தியதை யாரும் பார்த்ததில்லை.

உப்பளக் கூலியின் மகள் பூவழகிக்கு அந்த வருத்தம் பலமுறை வந்து சேர்ந்தது. இந்த முறையும் இல்லையென்றால் தானும் காலமெல்லாம் உப்பளத்திலேயே கிடக்க வேண்டியதுதான் என்று அவையின் விகடப் புலவர் ஏகாம்பரத்திடம் போய்ச் சொன்னாள். விண்ணப்பத்தை மன்னன் கையில் சேர்க்க முடியுமா என்று கேட்டாள்.

"ராஜா விண்ணப்பம் படிக்கமாட்டார், அம்மா. புகார்தான் படிப்பார்" என்றார் ஏகாம்பரம்.

அந்த நாட்டில் விண்ணப்பத்தில் பொய் எழுதினால் பதவி கிடைக்கும். புகாரில் பொய் எழுதினால் சவுக்கடி கிடைக்கும். ஆகவே மன்னன் புகாரை மட்டும் நம்பினான். அதைத் தானே பிரித்து, வரி விடாமல் படிப்பான்.

அவள் செய்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு ஏகாம்பரம் அவள்மேல் ஒரு புகார் எழுதினார். மறுநாள் மன்னன் அவையில் உரக்கப் படித்தான்:

"உப்பளத்துப் பூவழகி, எவர் உத்தரவும் இல்லாமல் மென்பொருள் எழுதி, ரேஷன் கடைக்குச் சரக்கு வருவதை ஊரார் கைப்பேசிக்கே தெரிவித்துவிட்டாள். வரிசை ஒழிந்தது. வரிசையில் இடம் விற்றுப் பிழைத்தவர்கள் தெருவில் நிற்கிறார்கள். அள்ளிய உப்பின் எடைக்குக் கூலி கணக்கிடவும் ஒன்று எழுதினாள். மேஸ்திரிகளால் முன்போல் எடை குறைக்க முடியவில்லை. இதெல்லாம் போதாதென்று, எழுதிய விதத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் காட்டுகிறாள்."

காவலர்கள் அவளைப் பிடித்து வந்தார்கள்.

"இதெல்லாம் நீ செய்ததா?"

"செய்தேன், அரசே."

"கூட்டாளிகள் யார்?"

"யாருமில்லை. மழைக்கு உப்பளம் மூடிக் கிடந்தபோது தனியாக எழுதினேன்."

மன்னன் அவள் எழுதிய மென்பொருளைத் தன் கைப்பேசியில் இயக்கிப் பார்த்தான். வேலை செய்தது. அரண்மனைக் கணினியில் அதுவரை எதுவும் வேலை செய்ததில்லை. அமைச்சரிடம் திரும்பினான்.

"இவள் ஏன் நம்மிடம் விண்ணப்பிக்கவில்லை?"

மார்த்தாண்டர் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார். "விண்ணப்பித்திருக்கிறாள், அரசே. அரண்மனையில் வேலை பார்த்த அனுபவம் இல்லையென்று வருந்தியிருக்கிறோம்."

"புகார் கொடுத்தவர் யார்?"

ஏகாம்பரம் எழுந்தார். "நான்தான். ஒரு சொல் பொய்யென்றாலும் முதுகு தயார்."

மன்னன் சிரித்தான். பூவழகிக்கு அன்றே வேலை கொடுத்தான். உமக்கு என்ன வேண்டும் என்று ஏகாம்பரத்தைக் கேட்டான்.

"ஒன்றும் வேண்டாம், அரசே. நடந்தது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் அமைச்சர் புகாருக்கும் ஓர் இயந்திரம் வாங்கிவிடுவார்."

மன்னன் மறுபடியும் சிரித்தான். மார்த்தாண்டர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.