கஸ்பாரின் நெஞ்சுப் படம்

மொட்டைப்பாறைத்துறையில் மூன்று மேதைகள் ஒரே படகில் மீன் பிடித்தார்கள்: கஸ்பார், அவருடைய மச்சினன்மார் இன்னாசி, தொம்மை. கரை எந்தப் பக்கம் என்று தெரிந்தவர் கஸ்பார் ஒருவர்தான். அதனால் அவர் கரையேற்றி வைத்திருந்த படகின் விளிம்பில் நெஞ்சு அடிபட விழுந்து மூச்சு விடவே முனகியபோது, மற்ற இருவரும் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மீன்பிடித் தடை முடியப் பன்னிரண்டே நாள்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அறை வாசலில் ஒரு பலகை. படிக்கத் தெரிந்த பாவத்துக்குத் தொம்மை அதைப் படித்துவிட்டான். ஆல்பா கதிரைத் தாளே தடுக்கும். பீட்டாவை அலுமினியத் தகடு தடுக்கும். எக்ஸ்ரேக்கும் காமாவுக்கும் ஈயம் வேண்டும். அளவு மீறினால் தோல் புண்ணாகும், ரத்தம் கெடும், புற்றுநோயும் வரலாம்.

"மச்சானை இப்படியே உள்ள விட்டா பொணமாத்தான் வெளிய வருவாரு," என்றான் தொம்மை.

"எந்தக் கதிரு வரும்னு நமக்கு என்னலே தெரியும்? எல்லாத்துக்கும் சேத்தே கட்டிருவோம்," என்றான் இன்னாசி.

சட்டைக்குள் முதலில் செய்தித்தாள். அதன்மேல் அலுமினியச் சட்டி மூடி. அதன்மேல் வலையில் கட்டுகிற ஈயக்குண்டு நாற்பது. எக்ஸ்ரே எடுக்கும் பொன்மலருக்கு அன்று கஸ்பார் நூறாவது ஆள். அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

படத்தில் எலும்பைக் காணோம். நாற்பது வெள்ளை உருண்டைகள் இருந்தன.

"ஐயோ, மச்சான் வலைய முழுங்கிட்டாரே!" என்று இன்னாசி அழுதே விட்டான்.

பொன்மலர் கஸ்பாரின் சட்டையைக் கழற்றச் சொன்னாள். உடனே தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் பத்து நாள்ல சும்மாவே நம்ம மேல விழுற கதிர்வீச்சுதான் ஒரு நெஞ்சுப் படத்துல இருக்கு. பயப்படாம நில்லுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து நாளில் சும்மாவே விழுவதற்கு மெஷின் எதற்கு? அறிவாளிகள் நடையைக் கட்டினார்கள்.

கஸ்பாரைச் சட்டையில்லாமல் கடற்கரை மணலில் மல்லாத்தினார்கள்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க மச்சான். படம் கலங்கிரும்."

"பத்து நாளைக்குமாலே?"

"முடிஞ்ச வரைக்கும்."

மூன்றாம் நாள் கஸ்பாரின் நெஞ்சுத் தோல் உரிந்தது. அது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரின் கைங்கரியம். பாவம், அதை எழுதப் பலகையில் இடம் போதவில்லை போலும். "படம் நல்லா விழுது!" என்று இன்னாசி பூரித்துப்போனான்.

பதினோராம் நாள் கஸ்பாரைத் தூக்கிக்கொண்டு பொன்மலரிடம் போனார்கள்.

"பத்து நாள் ஆச்சும்மா. படத்தக் குடுங்க."

நடந்ததைக் கேட்ட பொன்மலருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "மெஷின் இல்லாம எப்படிய்யா படம் விழும்? இந்தக் கதிர்வீச்சு என்ன, இந்தப் பத்து நாளாத்தான் விழுதா? பொறந்ததுல இருந்தே நம்ம மேல விழுந்துக்கிட்டுதான் இருக்கு!"

தொம்மை விரல் விட்டு எண்ணினான். மச்சானுக்கு நாற்பத்தெட்டு வயது. பத்து நாளைக்கு ஒரு படம். அவன் முகம் வெளிறியது.

"ஆயிரத்து எழுநூறு படத்துக்கு மேல இவங்ககிட்ட இருக்குலே," என்று இன்னாசியின் காதில் கிசுகிசுத்தான்.

இன்னாசி கைகூப்பினான். "அம்புட்டும் வேண்டாம்மா. மச்சான் விழுறதுக்கு முந்தின படம் ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும். அதுல எலும்பு உடையவே இல்ல. டாக்டர்கிட்ட அதக் காட்டிட்டு நாளைக்கே கடலுக்குப் போயிருவோம்."