புளியோதரைக்கு உப்பு

அந்த மடத்துக்குக் குரு ஞானாம்பிகை அம்மாள். மடத்து அடுப்படியைப் பார்த்துக்கொள்கிற சிஷ்யை மங்கையர்க்கரசி. வயதில் சிஷ்யைதான் மூத்தவள். அதனால் குரு அவளை 'அக்கா' என்பார், அவள் குருவை 'தாயே' என்பாள்.

ஆடி மாதம் மங்கையர்க்கரசிக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் சும்மா போகாமல் நாக்கு ருசியையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. இஞ்சியும் வெல்லமும் அவளுக்கு ஒன்றுதான், சக்கையை மெல்வது மாதிரி இருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுப்படி கையைவிட்டுப் போய்விடும். அதை விட்டால் அவளுக்கு வேறு பூசை தெரியாது.

இந்த நேரம் பார்த்துக் காலைப் பாடத்தில் பேச்சு அங்கேயே வந்து நின்றது.

"இனிப்பு வெல்லத்தில் இல்லை, நாக்கில்தான் இருக்கு" என்றார் ஒரு சிஷ்யர்.

"வெல்லத்தில் இல்லாதது நாக்குக்கு மட்டும் எங்கிருந்துய்யா வரும்?" என்றார் இன்னொருவர்.

குரு சிரித்துவிட்டுப் பாடத்தை முடித்தார். மங்கையர்க்கரசிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நாக்கில்தான் என்று முடிவானால் தன் கதையும் முடிந்தது.

அன்றைக்குப் புளியோதரை. அம்பாளுக்குப் படைக்கும் முன்னால் எதையும் நாக்கில் வைக்கக்கூடாது என்பது அந்த அடுப்படியின் வழக்கம்.

பந்தியில் குரு ஒரு வாய் எடுத்துப் போட்டார். நிதானமாக மென்றார்.

"அக்கா, இன்னிக்கு ருசி பார்த்தீங்களா?"

மங்கையர்க்கரசி பரிமாறுவதை நிறுத்தினாள். "யார் சொன்னா தாயே?"

"புளியோதரைதான்."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காய்ச்சலில் தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பயத்துல துளியூண்டு நாக்குல வச்சேன் தாயே. சப்புன்னு இருந்துச்சு. உப்பு போட்டேன். திரும்ப வச்சேன், அப்பவும் சப்புன்னு. இன்னும் கொஞ்சம் போட்டேன். அம்பாளுக்கு எச்சிலைப் படைச்சுட்டேனே!"

"அவளும் இந்நேரம் தண்ணி கேட்டிருப்பா" என்றார் குரு. "காய்ச்சலுக்கு முன்னாடி எப்படி உப்பு போடுவீங்க?"

"அரிசியைப் பார்ப்பேன், புளியைப் பார்ப்பேன். கை தானா அள்ளும்."

"நாக்கு நல்லா இருந்தப்போ ஒரு நாளும் அதைக் கேட்கல. அது படுத்ததுக்கு அப்புறம் போய்க் கேட்டிருக்கீங்க."

மங்கையர்க்கரசி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கு அடுப்படியில யாரை விடப்போறீங்க?"

"நாளைக்கு எலுமிச்சம் சாதம். கொத்தமல்லி கொஞ்சம் தாராளமாவே போடுங்க."

போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் கூடவே கேள்வியும் வந்தது.

"இது ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க தாயே. உப்பு சோத்துல இருக்கா, நாக்குல இருக்கா? அத்தனை போட்டும் என் நாக்குக்கு அது இல்லவே இல்லையே!"

குரு பந்தியைத் திரும்பிப் பார்த்தார். காலையில் மல்லுக்கு நின்ற இரண்டு பேரும் வாதத்தை மறந்து, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, காலி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அதை அவங்ககிட்டயே கேட்டுக்கலாம். முதல்ல தண்ணிக் குடத்தை எடுத்துட்டு வாங்க, அக்கா."